இலவசத் தட்டின் விலை

தென் ஸ்பெயினில், அண்டலூசியா மாநிலத்தைச் சேர்ந்த கிரனாடா நகரில், ஒரு கோப்பை பியரோ திராட்சைச் சாறோ வாங்கினால், கேட்காமலேயே ஒரு சிறு தட்டில் உணவு வந்துசேரும். அதற்குத் தனிவிலை கிடையாது. விலைப்பட்டியலிலும் அது இடம்பெறாது. இரண்டாவது கோப்பைக்கு இரண்டாவது தட்டு, மூன்றாவதற்கு மூன்றாவது. முதல் தட்டில் வந்த பண்டம் பெரும்பாலும் இரண்டாவதில் வராது. மூன்று கோப்பை அருந்தியவர் இரவு உணவை ஏறக்குறைய முடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். இந்தச் சிறு தட்டுக்கு 'டாப்பா' என்று பெயர்; பன்மையில் 'டாப்பாஸ்'. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு 'மூடி' என்பது பொருள். கோப்பையின் மீது ஈ விழாதிருக்க ரொட்டித் துண்டை மூடியாக வைத்தார்கள் என்பது ஒரு கதை. ஓர் அரசர் ஆணையிட்டார் என்பது இன்னொரு கதை. எதற்கும் உறுதியான சான்று இல்லை.

பொருளியல் படித்தவர்கள் 'இலவசம்' என்ற சொல்லை எளிதில் நம்புவதில்லை. நானும் அப்படித்தான். 2025 ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும், மாட்ரிட்டில் பணிபுரியும் மகளும் மருமகனும், பதினொரு வயதுப் பேத்தியுமாக ஐவர் நான்கு இரவுகள் கிரனாடாவில் தங்கியிருந்தோம். ஒரு மாலையில் இரண்டு இடங்களில் உண்டோம். முதலாவது, நகரின் தென்பகுதியில் சைதீன் என்னும் குடியிருப்பில் இருந்த ஒரு சிறிய 'பார்'. (இச்சொல் நம்மிடையே எழுப்பும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஸ்பெயினில் 'பார்' என்பது காலையில் பாட்டிமார் காப்பி அருந்துவதும், மாலையில் பெற்றோர் பேசிக்கொண்டிருக்கச் சிறுவர் வீட்டுப்பாடம் எழுதுவதுமான இடம்.) அங்கே ஐந்து பானங்கள் வாங்கினோம், ஒவ்வொன்றும் 2.80 யூரோ. கூடவே ஐந்து தட்டுகள் வந்தன. மொத்தம் 14 யூரோ.

இரண்டாவது, பேராலயத்துக்கு அருகே, பயணிகள் நிறைந்த ஒரு தெருவில், 'டாப்பாஸ் உணவகம்' என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருந்த இடம். அங்கே பானத்துடன் எதுவும் தானாக வரவில்லை. பட்டியலைப் பார்த்து ஆறு தட்டுகள் சொன்னோம். 96 யூரோ ஆயிற்று. அதில் நாங்கள் கேட்காமல் வைக்கப்பட்ட ரொட்டிக்கு ஆளுக்கு ஒன்றரை யூரோ வீதம் ஏழரை யூரோ அடக்கம். உணவு மோசமில்லை, தட்டுகளும் பெரியவை, அமர்ந்த இடமும் அழகானது. எனவே இரண்டையும் நேருக்குநேர் ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் ஒரே நகரில், நடந்து போகும் தொலைவில், ஒரே பெயரைச் சூடிக்கொண்டு இரண்டு வேறுபட்ட விலைமுறைகள் எப்படி நிலைத்திருக்கின்றன என்பது விளக்கம் வேண்டும் செய்தி.

சைதீனில் முதல் தட்டைப் பார்த்ததும் என் பேத்திதான் கேட்டாள்: "காசே வாங்காம குடுத்தா அவங்களுக்கு என்ன தாத்தா மிச்சம்?" 

தட்டின் விலை பானத்தின் விலைக்குள் இருக்கிறது என்பது எளிய விடை. அது சரியானதுதான், ஆனால் பாதி விடை. கிரனாடாவில் பானத்தின் விலை, டாப்பா கொடுக்காத பார்சலோனா நகரின் விலையைவிடக் கூடுதலாக இல்லை. பல இடங்களில் குறைவு. அப்படியானால் அந்தத் தட்டுக்கான செலவை எங்கே ஈடுகட்டுகிறார்கள்?

சமையலறையைப் பார்த்தால் ஒரு பகுதி விளங்கும். கிரனாடாவின் பல இடங்களில் டாப்பாவை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. சமையலறை எதைச் செய்திருக்கிறதோ அது வரும். ஒரு பெரிய பாத்திரத்தில் பருப்போ கொண்டைக்கடலையோ வெந்துகொண்டிருக்கும். ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு முட்டை அடை இருக்கும். அடுத்தடுத்து வருவோருக்கு அதுவே போகும். தேர்வு இல்லாததால் பட்டியல் இல்லை; பட்டியல் இல்லாததால் இருபது வகைக்குரிய பொருள்களை வாங்கி வைத்து, விற்காததைக் குப்பையில் கொட்டும் இழப்பு இல்லை. ஒருவர் சமைக்க, ஒருவர் பரிமாற, கடை நடந்துவிடுகிறது. உணவகத் தொழிலில் பணம் கரையும் இடங்கள் இரண்டு: வீணாகும் பொருள், காத்திருக்கும் உழைப்பு. தேர்வுரிமையை வாடிக்கையாளரிடமிருந்து எடுத்துக்கொள்வதன்மூலம் இந்த முறை இரண்டையும் குறைத்துவிடுகிறது. நாம் காசாகக் கொடுக்காததை விருப்பமாகக் கொடுக்கிறோம் என்றும் சொல்லலாம்.

என் மனைவி சைவ உணவினர். மகள் ஸ்பானியத்தில் அதைச் சொன்னவுடன் பரிமாறியவர் ஒருகணம் தயங்கினார். பிறகு உள்ளே போய், கத்திரிக்காயை மெல்லிய துண்டுகளாக நறுக்கிப் பொரித்து, அதன்மேல் கரும்புப் பாகு ஊற்றிக் கொண்டுவந்தார். அந்த மாலையில் நாங்கள் உண்டவற்றில் அதுவே சிறந்தது. ஆனால் அந்த ஒரு தட்டுக்காக அடுப்பில் தனியாக எண்ணெய் காய்ந்தது என்பதையும் கவனித்தேன். வருவோரெல்லாம் இப்படித் தனித்தனியே கேட்கத் தொடங்கினால் இந்தக் கணக்கு நிற்காது. பக்கத்து மாநகரமான அல்மேரியாவில் டாப்பாவைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. எனவே முற்றிலும் முடியாததன்று. ஆயினும் அதற்கேற்பச் சமையலறையை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கத்திரிக்காயும் கரும்பும் அந்தத் தட்டில் சேர்ந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டையும் ஐபீரியத் தீபகற்பத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அரபியர். கிரனாடா 1492 வரை முஸ்லிம் அரசர்களின் தலைநகர். அதன் கடற்கரையில் கரும்பு பல நூற்றாண்டுகள் விளைந்தது; அருகிலுள்ள மாலகா மாகாணத்தின் ஃப்ரிஹிலியானா என்ற சிற்றூரில் இன்றும் கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள். எண்ணெய், சர்க்கரை, அரிசி, கத்திரிக்காய் ஆகியவற்றின் ஸ்பானியப் பெயர்கள் அரபு வழியே வந்தவை. 'நராங்ஹா' என்னும் ஆரஞ்சின் பெயரும் அப்படியே. அதன் வேரைத் தேடிப் போன சொல்லாய்வாளர் பலர், பாரசீகம், வடமொழி ஆகியவற்றைத் தாண்டி நம் நாரத்தைவரை வந்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது என் மனைவி, "ஊறுகாய் மட்டும் இங்கே வந்து சேரலை" என்றார்.

மறுபடி கணக்குக்கு வருகிறேன். சமையலறைச் சிக்கனம் மட்டும் போதுமானால், உலகத்தின் எல்லா நகரங்களிலும் இலவசத் தட்டு இருந்திருக்க வேண்டும். ஸ்பெயினிலேயே கிரனாடா, ஹயேன், அல்மேரியா, வடக்கே லியோன் எனச் சில இடங்களில்தான் இவ்வழக்கம் உறுதியாக நிற்கிறது. செவில்லேயில் டாப்பா உண்டு, ஆனால் விலைக்கு. சிறிய தட்டு, அரைத் தட்டு, முழுத் தட்டு என்று மூன்று அளவு, மூன்று விலை. வடக்கே பாஸ்க் நாட்டின் பில்பாவோ, சான் செபாஸ்தியன் நகரங்களில் ரொட்டித் துண்டின்மேல் பண்டங்களை அடுக்கிக் குச்சியால் குத்தி வைப்பர். அதற்குப் 'பின்ச்சோ' என்று பெயர். மேடையிலிருந்து தாமே எடுத்து உண்டுவிட்டு, எத்தனை உண்டோம் என்று தாமே சொல்லிப் பணம் கொடுக்கும் பழைய முறை அங்கே இருந்தது. குச்சிகளை எண்ணிக் கணக்குப் பார்ப்பதும் உண்டு.

ஒரே நாட்டில், ஒரே வரிவிகிதத்தில், ஏன் இத்தனை முறைகள்? பொருளியலில் இதைப் 'பல சமநிலைகள்' என்பார்கள். கிரனாடாவில் ஒரு பார் உரிமையாளர் மட்டும் நாளை முதல் தட்டை நிறுத்தினால் என்ன ஆகும்? அவருடைய வாடிக்கையாளர் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விடுவார். எல்லாரும் ஒன்றாக நிறுத்தினால் எல்லாருக்கும் செலவு மிச்சம். ஆனால் முதலில் நிறுத்தும் துணிவு யாருக்கும் வராது. பார்சலோனாவில் நிலைமை நேர்மாறு. அங்கே ஒருவர் மட்டும் கொடுக்கத் தொடங்கினால் அவர் செலவுதான் கூடும். மற்றவர் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு நகரங்களிலும் ஒவ்வொருவரும் தத்தம் நலத்தையே பார்க்கிறார்கள்; விளைவு மட்டும் வேறு. கிரனாடாவாசிகள் தாராள மனத்தவர், பார்சலோனாக்காரர் கணக்காளர் என்று சொல்லும் விளக்கம் கேட்க இனிமையாக இருக்கும், தேவையில்லாதது.

இந்தச் சமநிலையைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு தூண்: நாளையும் அதே ஆள் வருவார் என்ற எதிர்பார்ப்பு. சைதீன் பாரில் எங்களைத் தவிர அமர்ந்திருந்த எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்தார்கள். பரிமாறியவருக்கு யார் எதை அருந்துவார் என்பது தெரிந்திருந்தது. இன்று சின்னத் தட்டை வைத்து ஏமாற்றினால் நாளை அந்த நாற்காலி காலியாகும்; இன்று ஒரு பானத்தை வாங்கிக்கொண்டு மூன்று தட்டுக் கேட்டால் நாளை கடைக்காரரின் முகம் மாறும். கிரனாடாப் பல்கலைக்கழகம் 1531இல் தொடங்கப்பட்டது. இன்று அதில் 50,000க்கு மேற்பட்ட மாணவர்கள் பயில்கிறார்கள். கையில் காசு குறைந்த, ஆனால் நான்காண்டுகள் அதே தெருவில் வசிக்கப்போகும் இளைஞர்கள். டாப்பா முறைக்கு இவர்களைவிடப் பொருத்தமான வாடிக்கையாளரை நினைத்துப் பார்க்க முடியாது.

நேரமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஸ்பெயினின் கடிகாரம் 1940இல், பிராங்கோவின் ஆட்சியில், மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றப்பட்டது, பிறகு திருத்தப்படவேயில்லை. கிரீன்விச் தீர்க்கரேகை ஸ்பெயினின் கிழக்கோரத்தைத் தொட்டுச் செல்கிறது. ஆனால் கடிகாரமோ பெர்லினோடு ஓடுகிறது. அதனால் ஜூன் மாதத்தில் கிரனாடாவில் சூரியன் மறைவது இரவு ஒன்பதரை மணிக்கு. பகலுணவு இரண்டு மணிக்கு மேல். உணவகச் சமையலறை இரவுக்குத் திறப்பது எட்டரை அல்லது ஒன்பதுக்கு. ஏழு மணிக்கே பசியெடுத்துவிடும் எங்களைப் போன்றோருக்கு அந்த இடைவெளியில் கிடைப்பது டாப்பா மட்டுமே.

இனி இரண்டாவது இடம். பேராலயத் தெருவில் அமர்ந்திருந்தோரில் பெரும்பாலோர் அந்த உணவகத்துக்கு அதுவரை வந்திராதவர்கள், இனி வரப்போகாதவர்கள். அல்ஹம்ப்ரா அரண்மனையைக் காண ஆண்டுக்கு 25 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வருகிறார்கள். நகரின் மக்கள்தொகையோ ஏறத்தாழ இரண்டேகால் இலட்சம். ஒரே ஒருமுறை வந்துபோகும் வாடிக்கையாளருக்கு நல்ல தட்டை இலவசமாகக் கொடுத்து எதிர்கால நன்மதிப்பைச் சம்பாதிப்பதில் உணவகத்துக்கு ஆதாயம் இல்லை. மாறாக, ரொட்டியைக் கேட்காமல் வைத்துப் பட்டியலில் சேர்ப்பதில் ஆதாயம் உண்டு. ஏழரை யூரோவுக்காக விடுமுறை மாலையில் யார் வாதாடப் போகிறார்கள்? நான் வாதாடவில்லை. பொருளியல் பேராசிரியராக இருந்தவர் செய்யக்கூடியதுதான்: வாதாடுவதற்கான செலவு ஏழரை யூரோவைவிட அதிகம்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் சட்டம் வந்து உட்காரும். அந்த ஆறு தட்டு விருந்தில் எத்தனை சட்டங்கள் எங்களுடன் அமர்ந்திருந்தன என்று எண்ணிப் பார்த்தேன். 2022ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மைச் சட்டப்படி, உணவகங்கள் குழாய்த் தண்ணீரை விலையின்றித் தர வேண்டும். எங்களுக்கு முதலில் வந்தது விலைக்குரிய புட்டித் தண்ணீர். மகள் சொன்ன பிறகு குவளையில் குழாய்த் தண்ணீர் வந்தது. 2025இல் இயற்றப்பட்ட உணவு வீணாக்கத் தடுப்புச் சட்டம், மிஞ்சியதைக் கூடுதல் கட்டணமின்றி எடுத்துச் செல்லும் உரிமையை உண்போருக்குத் தருகிறது.

இவற்றையெல்லாம்விடச் சுவையான எடுத்துக்காட்டு, மருமகன் வாங்கிய 'ஹமோன்' எனப்படும் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை. இதில் ஐபீரிய இனப் பன்றியின் இறைச்சிக்கு மதிப்பு அதிகம்; அதிலும் கருவாலி மரத்தின் கொட்டைகளை மேய்ந்து வளர்ந்ததற்கு இன்னும் அதிகம். ஆனால் மெல்லியதாகச் சீவித் தட்டில் வைத்துவிட்டால், எது எந்த வகை என்று சாதாரண மனிதரால் கண்டுபிடிக்க இயலாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் மலிவுச் சரக்கு உயர்ந்த சரக்கைத் துரத்திவிடும் என்று ஜார்ஜ் அகர்லோஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் அக்கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. ஸ்பானிய அரசு 2014இல் ஓர் ஆணை பிறப்பித்தது. தொடையின் மேல் நிறச் சீட்டுக் கட்ட வேண்டும்: கலப்பில்லாத ஐபீரிய இனமாக இருந்து கொட்டை மேய்ந்ததற்குக் கறுப்பு, கலப்பினமாக இருந்து கொட்டை மேய்ந்ததற்குச் சிவப்பு, வெளியில் மேய்ந்து தீவனமும் தின்றதற்குப் பச்சை, கொட்டிலில் தீவனம் மட்டுமே தின்றதற்கு வெள்ளை. மருமகன் எழுந்துபோய்த் தொங்கிக்கொண்டிருந்த தொடையின் சீட்டைப் பார்த்துவந்தார். வெள்ளை. பட்டியலில் 'ஐபீரியம்' என்று மட்டும் இருந்தது, அது பொய்யுமன்று. சைதீனில் யாரும் எழுந்துபோய்ச் சீட்டைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அங்கே சீட்டின் வேலையைச் செய்வது கடைக்காரரின் முகம்.

பகிர்ந்து உண்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நண்பர் குழு ஒன்று பட்டியல் தொகையைச் சமமாகப் பங்கிடுவதாக முன்பே ஒப்புக்கொண்டால், ஒவ்வொருவரும் விலையுயர்ந்ததையே கேட்கத் தூண்டப்படுவர். ஏனெனில் கூடுதல் விலையில் தம் பங்கு சிறியது. இஸ்ரேலில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஓர் ஆய்வில், அவரவர் உண்டதற்கு அவரவர் கொடுத்தபோது சராசரிச் செலவு 37 ஷெக்கல். சமமாகப் பங்கிட்டபோது 51. முழுவதும் பிறர் செலவு என்றபோது 82. டாப்பாஸ் உண்ணும் ஸ்பானியர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு கடையில் ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்கு ஒருவர் பணம் கொடுப்பார். அடுத்த கடையில் அடுத்தவர். சுற்றுகள் சிறியவை என்பதால் பேராசைக்கு இடம் குறைவு. கொடுப்பவர் யார் என்பது கண்முன் தெரிவதால் வெட்கமும் காவல் காக்கிறது. எங்கள் குடும்பத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. பணம் கொடுத்தது மகள்.

சைதீன் தட்டு இன்னும் எத்தனை காலம் இலவசமாக வரும் என்பதை நான் இலேசாகக் கேட்கவில்லை. உலகின் ஆலிவ் எண்ணெயில் மிகப் பெரும்பங்கு ஸ்பெயினில் விளைகிறது. அதிலும் கிரனாடாவுக்கு அடுத்த ஹயேன் மாகாணமே முதன்மையானது. வறட்சியால் 2022-23 பருவத்தில் ஸ்பெயினின் விளைச்சல் முந்தைய ஆண்டின் பாதிக்கும் கீழே போயிற்று. 2024 தொடக்கத்தில் கடைகளில் ஒரு லிட்டர் 9 யூரோவைத் தாண்டியது. அரசு அந்த எண்ணெய் மீதான மதிப்புக்கூட்டு வரியைச் சில மாதங்கள் முழுமையாகவே நீக்க வேண்டியதாயிற்று. இன்னொரு பக்கம் குறைந்தபட்சச் சம்பளம் 2018இல் மாதம் 735.90 யூரோவாக இருந்தது, 2025இல் 1,184 யூரோவாகியிருக்கிறது. ஆண்டுக்குப் பதினான்கு தவணை. பரிமாறுவோரும் சமையற்கூடத்தில் நிற்போரும் இதனால் பயனடைந்தார்கள். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் செலவு செலவுதான்.

விலையற்ற பொருளின் விலையை உயர்த்த முடியாது. எனவே செலவு ஏறும்போது சுருங்குவது தட்டு. மீன் வறுவல் இருந்த இடத்தில் உருளைக்கிழங்கு வரும். சமைத்தது இருந்த இடத்தில் ஊறவைத்த ஆலிவ் காய் வரும். சுருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை எட்டியபின் கடைக்காரர் பானத்தின் விலையை ஏற்ற வேண்டும் அல்லது வேறு வாடிக்கையாளரைத் தேட வேண்டும். வேறு வாடிக்கையாளர் வாசலிலேயே நிற்கிறார்; கையில் பயணப்பையுடன்.

ஸ்பெயினின் சுற்றுலாக் கதை 1959இன் பொருளாதார நிலைப்படுத்தல் திட்டத்தோடு வேகமெடுத்தது. நாணய மதிப்பு ஒரு டாலருக்கு 60 பெசேட்டாவாகக் குறைக்கப்பட்டது. வட ஐரோப்பியருக்கு ஸ்பெயின் மலிவான நாடாயிற்று. 2024இல் அங்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 9 கோடியே 40 இலட்சம். நாட்டின் மக்கள்தொகை சுமார் 4 கோடியே 90 இலட்சம். மொத்த உற்பத்தியில் எட்டில் ஒரு பங்கு சுற்றுலாவினுடையது. இந்த வருவாயால்தான் பல இலட்சம் பேருக்கு வேலை இருக்கிறது என்பதை மறுப்பவர் யாருமில்லை.

சிக்கல் பணத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. குடியிருந்த வீடுகள் பயணியருக்கு நாள் வாடகைக்கு விடும் வீடுகளாக மாறும்போது, தெருவில் ஆள்நடமாட்டம் குறைவதில்லை, கூடுகிறது; ஆனால் நாளையும் வரக்கூடிய ஆள் குறைகிறார். அல்ஹம்ப்ராவுக்கு எதிர்க்குன்றில் உள்ள அல்பைசின் பகுதியில் நாங்கள் தங்கிய வீடும் அத்தகையதே. கதவில் எண்களை அழுத்தித் திறக்கும் சாவிப்பெட்டி. அதே கட்டடத்தில் இன்னும் மூன்று கதவுகளில் அதேபோன்ற பெட்டிகள். காலையில் படிக்கட்டில் சந்தித்த மூதாட்டி ஒருவர் மட்டும் அங்கே நிலையாக வசிப்பவராகத் தெரிந்தார். வணக்கம் சொன்னார்; நாங்களும் சொன்னோம். அந்த வீட்டில் முன்பு குடியிருந்த குடும்பம் எந்த பாரில் மாலையில் அமர்ந்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை. நாங்கள் அக்குடும்பத்தின் நாற்காலிக்கு மாற்றாக வந்தவர்கள். நான்கு இரவுக்கு மட்டும்.

2024இல் கனரித் தீவுகள், மாலகா, பார்சலோனா ஆகிய இடங்களில் மக்கள் திரண்டு ஊர்வலம் சென்றது இதற்காகத்தான். பார்சலோனாவில் சிலர், உணவகங்களின் வெளிமேசைகளில் உண்டுகொண்டிருந்த பயணியர் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினர். அந்தப் படத்தை உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் வெளியிட்டன. வாடகையைப் பற்றி அவர்கள் ஏந்தியிருந்த பதாகைகளை அவ்வளவாக வெளியிடவில்லை. உண்பவர்மீது தண்ணீர் பீய்ச்சுவதை நான் ஏற்கவில்லை. ஆயினும் அந்தக் கோபம் விருந்தினர்மீதானது என்று நினைப்பது பிழை; வீடுகளைப் பற்றியது அது.

அரசுகள் அசையத் தொடங்கியுள்ளன. பார்சலோனா நகராட்சி, தன் எல்லைக்குள் இயங்கும் ஏறத்தாழ 10,000 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப்பின் புதுப்பிக்கப்போவதில்லை என 2024 ஜூனில் அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல், அடுக்குமாடிக் கட்டடத்தில் புதிதாக ஒரு வீட்டைச் சுற்றுலா வாடகைக்கு விட, உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதல் வேண்டும் என்று தேசியச் சட்டம் திருத்தப்பட்டது. அது நல்ல விதி. படிக்கட்டைப் பகிர்ந்துகொள்வோர் படிக்கட்டைப் பற்றி முடிவு செய்கிறார்கள். ஆனால் முன்பே நடந்துவருபவற்றுக்கு அது பொருந்தாது. அல்பைசினில் நாங்கள் கண்ட பெட்டிகளை அது தொடாது. முழுத்தடையைவிடத் தங்கும் இரவுக்கான வரி சிறந்தது என்பது என் கருத்து. தடை, ஏற்கனவே உரிமம் பெற்றவரை ஏகபோகக்காரராக்கும். வரியோ ஒவ்வோர் இரவுக்கும் தெருவாசிகள் கொடுக்கும் விலையை வந்தவரிடமே கேட்கிறது. அந்தத் தொகையைக் கொண்டு மலிவு வாடகை வீடுகள் கட்டலாம். கட்டலோனியா 2012 முதலும் பலியாரிக் தீவுகள் 2016 முதலும் அத்தகைய வரியை வசூலிக்கின்றன.

அண்டலூசியாவில் நாங்கள் தங்கியபோது அந்த வரி இல்லை. எங்கள் 96 யூரோவிலும் 14 யூரோவிலும் பத்து விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருந்தது. நாங்கள் தங்கிய நான்கு இரவுகளுக்காக, இரவுக்கு ஒரு யூரோகூட யாரும் எங்களிடம் கேட்கவில்லை.